சிமெந்துப் பலகையின் வலது பக்கம்

2007 நவம்பர் 2, வெள்ளிக்கிழமை. காலை ஆறே காலுக்கு மாத்தளை பஸ் நிலையத்தில் நானும் என் மனைவி பிலோமினாவும் கலேவெல பஸ்ஸில் ஏறினோம். வஹகோட்டைக்குச் சுமார் முப்பது கிலோமீற்றர். இருவருக்கும் எழுபது ரூபாய். என் மடியில் வழக்கமான பை: கறுப்பு பெயின்ட் டின், இரண்டு தூரிகை, குறிப்புப் புத்தகம், பழைய துணி. இந்த முறை ஒரு கிலோ சுண்ணாம்புத் தூளும் இருந்தது. அது பிலோமினா வாங்கி வைத்தது.

பழைய கல்லறைகளைத் தேடிப் போவது எனக்கு ஒரு பைத்தியம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் தொற்றிக்கொண்டது. எல்கடுவப் பக்கம் தேயிலைக்கு நடுவே கிடக்கும் வெள்ளைக்காரத் துரைமார் கல்லறைகள், காய்ச்சலில் போன அவர்கள் குழந்தைகளின் சின்னக் கற்கள், எதையும் விட்டதில்லை. மங்கிய எழுத்துக்குப் பெயின்ட் பூசி, வாசகத்தைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வருவேன். பக்கத்திலிருக்கும் வஹகோட்டைக்கு மட்டும் போனதில்லை. நண்பர்கள் கேட்டால் அங்கே வெயில் அதிகம் என்பேன். உண்மையில் அங்கே ஞானப்பிரகாசம் இருக்கிறான். பிலோமினாவின் முதல் கணவன்.

தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவன். அவளோடு மூன்று வருடம் வாழ்ந்துவிட்டு 1977இல் லொறி விபத்தில் போய்விட்டான். ஏழு வருடம் கழித்து நான் அவளைக் கட்டினேன். இந்த இருபத்து மூன்று வருடத்தில் அவள் அவனைப் பற்றி ஒரு குறைகூடச் சொன்னதில்லை. குடிப்பான், கோபக்காரன் என்று ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் அம்மாவுக்கு வஹகோட்டைதான் ஊர். வருடாவருடம் நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் அவன் கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுதிரி ஏற்றியது அவர்தான். இந்த வருடம் அவரும் காலமானார். போன கிழமை பிலோமினா, “ஒருக்கா போயிட்டு வருவோங்க. உங்க எழுத்து நல்லா இருக்கும்” என்றாள். என் எழுத்தை அவள் புகழ்ந்தது அதுதான் முதல் முறை.

ஏழு மணி. பலாபத்வல சந்தியில் பஸ் பிரதான வீதியை விட்டு விலகியது. சற்றுத் தூரத்தில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். சுண்ணாம்புப் பைக்குள் விரலை விட்டு மோந்து பார்த்த சிப்பாய், அடுத்ததாக அடையாள அட்டைகளைப் பார்த்தான். பிலோமினாவின் அட்டையில் இன்னும் ஞானப்பிரகாசத்தின் பெயர்தான் இருக்கிறது. மாற்றுவோம் மாற்றுவோம் என்றே காலம் போய்விட்டது. ஞானப்பிரகாசம் நீயா என்று சிங்களத்தில் என்னைக் கேட்டான். இல்லை என்றேன். அப்படியானால் நீ யார் என்றான். பிலோமினா முந்திக்கொண்டு, அவர் என் புருஷன், செத்துப்போனார், இவரும் என் புருஷன் என்று நிதானமாகச் சொன்னாள். சிப்பாய் சிரித்துக்கொண்டே அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு மிளகுக் கொடியும் கொக்கோவும் குறைந்து வயல் தொடங்குகிறது. காற்று சூடாகிறது. ஜன்னல் பக்கம் அவள், வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். யாரை நினைத்துப் பார்க்கிறாள் என்று கேட்க வாய் வரை வந்தது.

எட்டே கால். வஹகோட்டை பழைய கத்தோலிக்க ஊர். போர்த்துக்கேயர் வழி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள், பேசுவது சிங்களம். கல்லறைத் தோட்டத்தில் ஒரே கூட்டம். புல் வெட்டுகிறார்கள், வெள்ளையடிக்கிறார்கள். வாசலில் மெழுகுதிரி ஒரு பாக்கெட் அறுபது ரூபாய். ஓரத்தில், மண்ணில் பாதி புதைந்த பழைய சிலுவைகள் வரிசையாக நின்றன. வேறொரு நாளாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அன்று ஒன்றையும் நின்று பார்க்கவில்லை. இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எங்களைக் கூட்டிப் போனார். போகும்போது என்னைக் காட்டி, செத்தவரின் அண்ணனா என்று பிலோமினாவிடம் விசாரித்தார்.

கல்லறையின் தலைமாட்டில் கண்ணாடிக்குள் அவன் படம். அடர்ந்த சுருள் முடி. அவனுக்கு என்றைக்கும் இருபத்தொன்பது. எனக்கு அறுபத்தொன்று, தலையில் பாதி வெளிச்சம். அழகன்தான். அதை ஒப்புக்கொள்ளவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிலோமினா தண்ணீர் கொண்டுவரப் போனாள். நான் சிமெந்துப் பலகையில் படிந்திருந்த பாசியைச் சுரண்டினேன். இடது பக்கம் அவன் பெயர், பிறப்பு, இறப்பு. வலது பக்கமும் ஏதோ எழுத்து தட்டுப்பட, பழக்கத்தில் விரலால் தடவி வாசித்தேன். மேரி பிலோமினா. பிறப்பு 1951. இறப்பு. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, வழவழவென்று சிமெந்து.

இப்படிக் கணவன் பெயரும் மனைவி பெயரும் சேர்ந்திருக்கும் கற்களைப் பார்த்து, என்ன பாசம் என்று புத்தகத்தில் குறித்தவன் நான். இங்கே வயிறு எரிந்தது. நான் செத்தால் மாத்தளையில் தனியாகக் கிடப்பேன், இவள் இங்கே வந்து படுப்பாள், இருபத்து மூன்று வருடத்துக்கு ஒரு எழுத்துகூட மிஞ்சாது.

வாளியோடு வந்தவளிடம் பலகையைக் காட்டினேன். வாளியைக் கீழே வைத்தாள்.

“அவங்க அம்மா வெட்டச் சொன்னாங்க. வேணாம்னு சொல்ல எனக்கு அப்ப மனசு வரல.”

“இப்ப?”

கல்லறைகளை மந்திரிக்க வந்திருந்த கோயில் சாமியாரிடம் செத்தவனின் பெயரைக் கொடுக்கப் போய்விட்டாள்.

நான் சுண்ணாம்பைக் கரைத்தேன். முதலில் கல்லறை முழுக்க ஒரு பூச்சு. பிறகு வலது பக்கத்துக்கு மட்டும் இன்னும் இரண்டு பூச்சு, கெட்டியாக. பள்ளத்துக்குள் தூரிகையை விட்டு விட்டு அடைத்தேன். வாழ்நாளில் ஒரு கல்லின் எழுத்தையும் நான் அழித்ததில்லை. அன்று அழிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பி வந்த பிலோமினா பார்த்தாள். குந்தி உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் தன் பெயரை எழுத்து எழுத்தாகத் துடைத்தெடுத்தாள்.

“நான் செத்தா எங்க வேணும்னாலும் வைங்க. அத நான் பார்க்கவா போறேன்? உசுரோட இருக்கிற வரைக்கும் உங்க கூடத்தானே இருக்கேன். அது போதாதா?”

போதும் என்றேன். கறுப்பு டின்னைத் திறந்து அவன் பெயரை எழுதினேன். எழுத்தில் குறை வைக்கவில்லை. அவள் பெயரையும் எழுதினேன். ‘இறப்பு’ என்ற சொல்லுக்கு மட்டும் பெயின்ட் வைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

பதினொன்றரை. திரும்பும் பஸ். சேலைத் தலைப்பில் சுண்ணாம்பு காய்ந்து கிடக்க, என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எல்கடுவவில் துரைமாரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மனம் லேசாக இருக்கும். அவர்களுக்கு நான் யாரோ, எனக்கு அவர்கள் யாரோ. அன்று அப்படி இல்லை. தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். போதும் என்று அவளிடம் சொன்னது பொய். உயிர் போன பிறகும் எனக்கு அவள் வேண்டும்.