அப்பா சொல்லாத என் பேர்

எட்டு வயதுவரை அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "சின்னவளே" என்பார். அவசரமென்றால் "ஏ புள்ள". அக்காவை மட்டும் முழுப் பேரையும் சொல்லித்தான் கூப்பிடுவார். அதுவும் எதற்கென்றே இல்லாமல் கூப்பிடுவார். அவள் "என்னங்கப்பா" என்று வந்து நின்றால், "ஒண்ணுமில்ல, போ" என்பார். அப்போது பார்த்தால் வாயில் மிட்டாயை ஒதுக்கி வைத்திருப்பவர் போல இருப்பார்.

லிந்துலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஒரு வீட்டில் பேசினால் அடுத்த வீட்டில் கேட்கும். மற்ற அப்பாமார் பிள்ளைகளைப் பேர் சொல்லி ஏசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் அப்பா ஏசும்போதுகூட என் பேரைச் சொல்லமாட்டார்.

எனக்கு வைத்த புவனேஸ்வரி என்பது அம்மாவின் அக்காவுடைய பேர். அந்தப் பெரியம்மா இளவயதிலேயே காய்ச்சலில் இறந்துபோனவர். நான் பிறந்தபோது அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலையாக இருந்தார். லீவு கிடைத்து அவர் வந்து சேர்வதற்குள் அம்மா என் பேரைப் பதிந்துவிட்டாள்.

இரண்டாவதும் பொம்பளைப் பிள்ளையாகப் போனதில் அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். எட்டு வயதுக்கு அது நல்ல காரணமாகத்தான் பட்டது.

உண்மைக் காரணம் தெரிய மேலும் பதினைந்து வருடமானது. ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தபோது உளவியல் பாடத்தில் விரிவுரையாளர் ஒருநாள் சினெஸ்தீசியா பற்றிப் பேசினார். ஒரு புலனைத் தொட்டால் இன்னொரு புலனும் சேர்ந்து விழித்துக்கொள்வதுதான் அது. சிலருக்குக் கறுப்பு மையில் எழுதிய எழுத்தும் சிவப்பாகவோ பச்சையாகவோ தெரியும். சிலருக்குப் பாட்டுக் கேட்டால் நிறம் தெரியும். மிகச் சிலருக்குச் சொற்கள் நாக்கில் ருசிக்கும். இருநூறு வருடத்துக்கு முன்பே ஐரோப்பாவில் ஒரு வைத்தியர் எழுத்தும் இலக்கமும் தனக்கு நிறத்தோடு தெரிவதைத் தன் ஆய்வேட்டில் எழுதிவைத்தாராம். அதன்பின் கொஞ்ச காலம் பலபேர் ஆர்வமாக ஆராய்ந்திருக்கிறார்கள். பிறகு, ஒருவர் வாயால் சொல்வதை மட்டும் வைத்து எப்படி நம்புவது என்று நெடுங்காலம் கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

நம்புவதற்கு வழி பின்னால்தான் கிடைத்தது. சில சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன தோன்றுகிறது என்று எழுதிக்கொள்வது. பல மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் அதே சொற்களைத் திரும்பக் கேட்பது. கற்பனையாகச் சொன்னவருக்கு மறந்துபோயிருக்கும். உண்மையில் தெரிகிறவர் அன்றைக்குச் சொன்னதையே சொல்வார். மூளையைப் படமெடுத்துப் பார்க்கிற காலம் வந்தபோது, சொல்லைக் கேட்டால் நிறம் தெரிகிறவர்களுக்கு நிறத்தை உணரும் பகுதியும் வேலை செய்வது தெரிந்தது. நோயுமில்லை, பொய்யுமில்லை. சொல்லில் ருசி தெரிகிறவர்களுக்குப் பெரும்பாலும் சின்ன வயதில் சாப்பிட்டவற்றின் ருசிதான் வரும் என்று விரிவுரையாளர் சொன்னபோது, அக்காவைக் கூப்பிட்டுவிட்டு மிட்டாயை ஒதுக்கி வைத்தவர் போல இருக்கும் அப்பாவின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

அடுத்த லீவில் முப்பது சொற்களை எழுதி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் பேரைச் சேர்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

"அப்பா, செவ்வாக்கெழமன்னா வாயில என்னங்க வருது?"

கேலி செய்கிறேனோ என்று ஏறிட்டுப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

"அவிச்ச மரவள்ளி" என்றார் மெதுவாக. "ஒனக்கு யாரு சொன்னா?"

பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். நானுஓயா என்ற ஊர்ப்பேர் கருகின ரொட்டி. பாலம் என்றால் சர்க்கரை போடாத தேத்தண்ணி. அக்காவின் பேர் பால்டொபி மிட்டாய். ஐம்பது தாண்டிய மனிதர், அன்றுவரை ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்லும்போது காது மடலெல்லாம் சிவந்துபோனார். ஏழு மாதம் கழித்து, லீக்ஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவரிடம் போய் அதே முப்பதையும் கேட்டேன். இரண்டுதான் மாறியிருந்தது.

"ஒம் பேர மட்டும் கேக்கலியே" என்றார்.

"சொல்லுங்க."

"மீன் எண்ணெ."

அவருடைய சின்ன வயதில் தோட்டத்து மருந்தகத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு கரண்டியால் ஊற்றுவார்களாம்.

"நெனைச்சாலே கொமட்டும். ஒங்கம்மாகிட்ட எப்புடிச் சொல்றது? செத்துப்போன அக்கா பேராச்சே."

அவர் களை பிடுங்கப் போய்விட்டார். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எட்டு வயதில் ஒருநாள் நடந்தது அப்போதுதான் வேறு விதமாகத் தெரிந்தது.

அன்றைக்குப் பாடசாலையில் ஏதோ படிவம் நிரப்பப் பெற்றோரை வரச்சொல்லியிருந்தார்கள். டீச்சர் அப்பாவிடம், "பிள்ளையோட பேரு?" என்று கேட்டார். அப்பா என் தலையில் கையை வைத்து, "நீயே சொல்லும்மா" என்றார். பின்வரிசையில் ஒருத்தி, "அவ அப்பாவுக்கே அவ பேரு தெரியாதுடி" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எழுதினார்.

திரும்பி வரும்போது நான் அவரோடு நடக்கவில்லை. ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் ஏறும் குறுக்குப் பாதையில் ஓடினேன். பாதி மலை ஏறுவதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பக்கத்துச் செடி தெரியவில்லை. பாதை எங்கேயோ தவறிப்போய், தண்ணீர் வடிய வெட்டிய கான் ஒன்றுக்குள் உட்கார்ந்துகொண்டேன். கீழே ஆறு இரைந்தது. அந்தப் பக்கம் வழுக்குப் பாறை. முந்திய வருடம் கொழுந்தெடுக்கப் போன ஒரு அக்கா அங்கேதான் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்.

"சின்னவளே!" என்று அப்பாவின் குரல் மேலேயிருந்து வந்தது.

பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேரைச் சொல்லட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். சின்னவளே, ஏ புள்ள, சின்னம்மா என்று என்னென்னவோ கூப்பிட்டார். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"புவனேஸ்வரி!"

அப்பாவின் குரலில் என் பேர் அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இன்னொரு தடவை கேட்கவேண்டும் போலிருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும். புவனா என்று சுருக்கக்கூட இல்லை, ஒவ்வொரு தடவையும் முழுசாகவே கூப்பிட்டார். நடுவில் இருமல் வந்து குரல் அறுந்தது. செருமிவிட்டு மறுபடியும் தொடங்கினார். நான் வாய்பொத்தியபடி கேட்டுக்கொண்டே இருந்தேன்.

குரல் பாறைப் பக்கம் இறங்கத் தொடங்கியபோதுதான் பயம் வந்தது.

"அப்பா! இங்க இருக்கேங்க!"

செடிகளை முறித்துக்கொண்டு வந்தார். கையெல்லாம் கீறல். என் தோளைப் பிடித்து, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் சட்டென்று திரும்பி, ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மத்தியானம் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. அதன் பிறகும் விடாமல் துப்பிக்கொண்டே இருந்தார். கானில் ஓடிய தண்ணீரை அள்ளிக் கொப்பளித்துவிட்டு என்னிடம் கையை நீட்டினார்.

"வா, சின்னவளே."

நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ஐந்தாறு அடி பின்னால் நடந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "அப்பா என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டாருக்கா, நெறைய வாட்டி" என்றேன். அவள் நம்பவில்லை. "ஆனா என்னையப் பாத்ததும் வாந்தி எடுத்துட்டாரு" என்றேன். அதை நம்பினாள். இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.