கழுத்தைத் திருப்பாதவள்

ஓடிப்போனாள் என்று சொல்லாதீர்கள். ஓடுகிற உடம்பா அது? படி இறங்கினாலே பிடரியிலிருந்து கைக் கட்டைவிரல் வரைக்கும் கரண்டு இழுக்கிறது என் மருமகளுக்கு. அவள் நடந்துதான் போனாள். பட்டப்பகலில், இந்த வாசல் வழியாக, தெருவே வேடிக்கை பார்க்க, போனாள். கூடப் போன, அவள் பட்டறையில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டரைப் பற்றி மாடிவீட்டுக்காரி கண்டபடி பேசித் திரிகிறாளாமே, அந்த மனுஷனை வரச் சொல்லி ஆள் அனுப்பியது நான். அவளுடைய மாமியார். அதையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாயால் சொல்கிறேன், சொன்னபடி எழுதினால் போதும். மெருகு பூச வேண்டாம்.

திரைச்சீலை தைக்கிற பட்டறையில் அவளுக்கு வேலை. மண்டபங்களில் தொங்குமே, அந்தக் கனத்த துணி. அதை மிஷினுக்குள் தள்ளிக் கொடுக்கத் தோளில் பலம் வேண்டும். தையல் கோணாமல் இருக்கத் தலையைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கவிழ்ந்த தலை அது. முதலில் வலது கை மரத்தது. அப்புறம் கத்தரிக்கோல் அவளைக் கேட்காமலே நழுவி விழ ஆரம்பித்தது. கழுத்தெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் சவ்வு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். தொண்டைப் பக்கம் கீறி, பிதுங்கியதை எடுத்துவிட்டு, எலும்புகளைத் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கி ஒன்றாகச் சேர்த்தார்கள்.

கழுத்துப் பட்டையைக் கழற்றும் நாள் வந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பு அருமையாகக் கூடிவிட்டது என்றார். அதோடு நிறுத்தவில்லை. "நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்திருக்கும்மா. எரிச்சலும் வலியும் இருக்கத்தான் செய்யும். எப்போ போகும்னு சொல்ல முடியாது. போகாமலும் இருக்கலாம்" என்றார். அந்த அறையில் நானும் இருந்தேன், என் மகனும் இருந்தான். அவன் காதில் முதல் பாதிதான் விழுந்தது. செவிடு இல்லை. வேண்டாததைக் கேட்காத காது, அவ்வளவுதான். அவன் அப்பாவுக்கும் அதே காதுதான்.

என் மகனுக்கு வெல்டிங் தொழில். கேட், கம்பி ஜன்னல், படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் செய்வான். நல்ல வேலைக்காரன், அதில் பொய் சொல்ல மாட்டேன். பற்றவைத்த இடம் ஆறியதும் சின்னச் சுத்தியலால் மேலே இருக்கிற பொருக்கை உதிர்ப்பான். பிறகு தட்டிப் பார்த்துக் காதைக் கொடுப்பான். கணீரென்று இருந்தால் சரி. அப்புறம் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பொண்டாட்டியின் எக்ஸ்ரேயைத் தன் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய் ஆளாளுக்குக் காட்டினான், தானே ஸ்க்ரூ போட்ட மாதிரி. இவ்வளவு கச்சிதமாகப் பூட்டின இடத்தில் வலி எந்த வழியாக வரும் என்று கேட்டான். அன்றைக்கு ஆரம்பித்தது அவன் சந்தேகம்.

வலி வந்த வழியை அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். குழாய்த் தண்ணீர் கையில் பட்டால் வெந்நீர் கொட்டின மாதிரி வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். சட்டைத் துணி உரசினாலே எரியும். ஒரு மத்தியானம் உட்கார்ந்து, இடது கையால் கத்தரி பிடித்து, இருக்கிற சட்டைகளில் எல்லாம் வலப்பக்கக் கையை மட்டும் தோளோடு நறுக்கினாள். தையல்காரி இல்லையா, நறுக்கின ஓரத்தை மடித்துத் தைக்காமல் விடவில்லை. அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். ஒத்தைக் கைச் சட்டை புது மோஸ்தரா என்று தெருவே சிரித்தது.

"மகாராணி" என்று பெயர் வைத்தது மாடிவீட்டுக்காரி. பின்னாலிருந்து கூப்பிட்டால் மகாராணி கழுத்தைத் திருப்ப மாட்டாளாம், காலை நகர்த்தி மொத்தமாகத்தான் திரும்புவாளாம், அவ்வளவு திமிராம். அடி அம்மா, தகடு வைத்துப் பூட்டின கழுத்து உன் கழுத்து மாதிரி நாலு வீட்டு ஜன்னலுக்கும் சுழலாது. காலையில் வாளி தூக்கினவளுக்குச் சாயங்காலம் கரண்டி பிடிக்க வரவில்லையாம், அதனால் நடிப்பாம். வாளி தூக்கினதை நீ பார்த்தாய். தூக்கின பாவத்துக்கு அன்று மத்தியானமே கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தாளே, அதைப் பார்க்க உன் பால்கனியிலிருந்து வழி இல்லை.

அவள் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. வலிக்கிறது என்று சொன்னால், வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் அது கிடைத்திருந்தால் இங்கேயே கிடந்திருப்பாள்.

கிடைத்தது வேறு இடத்தில். கட்டிங் மாஸ்டர் என் வயசுக்காரர், பட்டறை மாடியில் மனைவியோடு குடியிருப்பவர். ஒருநாள் இவளைக் கூப்பிட்டு நிற்க வைத்து, முழங்கை எந்த உயரத்தில் வருகிறது என்று அளவு நாடாவால் அளந்துகொண்டார். துணி சோதிக்கிற மேஜையின் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கினார். மேஜை இவள் நெஞ்சுக்கு வந்தது. "கழுத்து குனியாதுன்னா மேஜை மேல வரட்டும், அதுக்கென்ன" என்று மட்டும் சொன்னாராம். எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது, நிஜமாகவா என்று ஒரு கேள்வி இல்லை. நின்றபடியே தையலைப் பார்த்து, பிசகின இடத்தில் குண்டூசி குத்திக் கொடுக்கிற வேலை. கை முரண்டு பிடிக்கிற நாளில் கொஞ்ச நேரம் படுத்து எழ, மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது என்றாராம்.

அவள் வீட்டில் அதைச் சொன்னதும் என் மகன் துள்ளினான். "என் பொண்டாட்டிக்கு ஊரான் மேஜை தூக்கி வைக்கணுமா? உக்காந்தா மிஷின்ல உக்காரு. இல்லன்னா வீட்ல கிட" என்றான். போகக் கூடாது என்று தீர்த்துவிட்டான்.

அந்த வாரம் விடுமுறை நாளில் என் மகள் புருஷனோடு வந்திருந்தாள். பேச்சுச் சத்தம் கேட்டு மாடிவீட்டுக்காரியும் இறங்கி வந்து நாற்காலி போட்டுக்கொண்டாள். எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு மருமகள் ஒரு ஓரமாக உட்கார்ந்து, இடது கையில் டம்ளரைப் பிடித்திருந்தாள். என் மகள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "என்ன அண்ணி, அந்தக் கை இன்னும் லீவுலதான் இருக்கா?" என்றாள். மாப்பிள்ளை சிரித்தார். என் மகன் எழுந்தான். "இருங்க, நான் காட்டுறேன்" என்று அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான்.

விரல் முட்டியை மடக்கிப் பிடரியில் தட்டினான். பிறகு வலது தோளில். பட்டறையில் கேட்டைத் தட்டுகிற அதே தட்டு. தட்டிவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தான், பாவி. "பாத்தீங்களா, கணீர்னு இருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். டம்ளர் உருண்டு அவள் மடியெல்லாம் டீ. அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நாற்காலியோடு மொத்தமாகத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ தட்டுங்க. உங்க அம்மாவுக்குச் சரியா கேட்டிருக்காது."

அவன் கை மேலே வரவில்லை. எனக்குக் கேட்டது, நான் பெற்றதுதானே தட்டியது. அவள் ஈரத் துணியோடு எழுந்து என்னிடம் வந்தாள்.

"அத்தை, என் கத்தரிக்கோல் எங்க?"

வேலைக்குப் போகக் கூடாது என்று அவன் தீர்த்த அன்றே அதை எடுத்து, அலமாரியில் என் துணிகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்துவிட்டு, வாசலில் போன இஸ்திரிக்காரனிடம் தையல் பட்டறைக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் அந்த மாடி அறைக்குப் போக, பெட்டி தூக்க மாஸ்டர் வந்தார். போனால் திரும்பி வர முடியாது என்று என் மகன் உள்ளேயிருந்து கத்தினான். "இது என் பேர்ல இருக்கிற வீடு. யார் வரலாம்னு நான் சொல்லிக்கறேன், நீ உக்காருடா" என்றேன். உட்கார்ந்தான்.

வாசல் கேட் அவன் செய்தது. யானை வந்தாலும் அசையாது என்று பீற்றிக்கொள்வான். அந்தத் தாழ்ப்பாளை ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் தூக்கவே முடிந்ததில்லை. தினம் நான்தான் திறந்துவிடுவேன். அன்றைக்கும் நான்தான் திறந்துவிட்டேன். அதற்குள் தன் வீட்டுக்கு ஏறிவிட்ட மாடிவீட்டுக்காரி பால்கனியிலிருந்து எங்கே பயணம் என்று கேட்டாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று இன்றைக்கும் குறை சொல்கிறாள். நிமிராது, அந்தக் கழுத்து.

திரும்பிப் பார்க்காமல் போனாள் என்பதும் பொய். மாஸ்டர் பெட்டியோடு முன்னால் நடந்தார். அவள் மின்கம்பம் வரை போய் நின்றாள். ஒரு காலை நகர்த்தி, அடுத்த காலை நகர்த்தி, உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பி, என்னைப் பார்த்தாள். நான் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றேன். பிறகு அதே மாதிரி, ஒவ்வொரு காலாக நகர்த்தி, அந்தப் பக்கம் திரும்பி நடந்தாள்.