இடுப்பில் கட்டிய ஆட்டுமணி

இன்று மணமேல்குடி பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் இளைஞன். வழி நெடுக இடுப்பைப் பொத்திக்கொண்டே வந்தான்.

வயிற்று வலியா என்று கேட்டேன்.

முன் சீட்டிலிருந்த அவன் அம்மா திரும்பினாள். "ஆட்டுக் கழுத்து மணிங்க. நாந்தான் கட்டிவிட்டேன். முன்னெல்லாம் மனசு சரியில்லாம இருந்தப்ப இவனைச் சங்கிலி போட்டு வச்சிருந்தோம். மதராசு டாக்டரு, 'மாத்திரை குடுங்க, கூட உக்காந்து பேசுங்க, கட்டிப் போடாதீங்க'ன்னாரு. அப்படியே செய்யுறோம், இப்ப நல்லா இருக்கான். ஆனா சங்கிலிச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வரலைங்க. எங்கிட்டுப் போறான்னு தெரியணும்ல?"

மணியைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

அவன் மெதுவாகச் சொன்னான்: "கைய எடுத்தா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க சார்."

"யாரு பாக்கப்போறா? எடுங்க தம்பி" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

அறந்தாங்கியில் இருவரும் இறங்கினார்கள். கையை எடுத்துவிட்டான். கூட்டத்துக்குள் மணிச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றது.

அவன் அம்மா திரும்புவதற்குள் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தேடிக்கொண்டிருந்தேன்.

கடையோரமாக நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தான். என்னைத்தான் பார்த்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மணி நின்றதுதான் காதில் கேட்கிறது. நீங்களாக இருந்தால் தேடாமல் உட்கார்ந்திருப்பீர்களா?