தவமணி அக்கா வீட்டு மாப்பிள்ளை

தவமணி அக்கா காலமான செய்தி வந்தபோது நான் அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் காய்ந்த புல்லைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தேன். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன். அக்காவின் தங்கை மகள் கவிதா கிள்ளான் மருத்துவமனையிலிருந்து பேசினாள். “அங்கிள், பெரியம்மா போயிட்டாங்க. இப்பத்தான், அஞ்சரைக்கு. தூக்கத்துலயே” என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, புல் ஊறி முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். தண்ணீரை வடித்து, குதிரைக்குப் போட்டு, மாத்திரையையும் கொடுத்த பிறகுதான் புறப்பட்டேன். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருந்தால் அக்கா எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டியிருப்பார்.

எங்கள் ஊர் பண்டமாரானில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பது வருடம் தினமும் ரயில் ஏறித் தலைநகரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய், ஒரு சேலைக்கடையின் மாடியில் ரவிக்கை தைத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசி ஏழு வருடம் வீட்டோடு இருந்து தைத்துக்கொண்டே ஒரு கிழட்டுக் குதிரையைப் பார்த்துக்கொண்டார். “குதிரையைப் பார்த்தே உடம்பக் கெடுத்துக்கிட்டா” என்று சாவு வீட்டில் என் காதுபட இரண்டு பேர் சொன்னார்கள். நான் அங்கே வாயை மூடிக்கொண்டிருந்தேன். சாவு வீட்டில் சண்டை போடக் கூடாது. இங்கே, எழுத்தில், போடலாம்.

குதிரையின் பெயர் மாப்பிள்ளை. அக்காவின் அண்ணன் கல்யாணங்களுக்குக் குதிரை விடும் தொழில் செய்தவர். கிள்ளான் வட்டாரத்தில் தலைப்பாகை கட்டி, மாலை போட்டு, மேளத்துக்குப் பின்னால் மண்டபம் வரைக்கும் போன எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சுமந்த வெள்ளைக் குதிரை அது. அண்ணனுக்கு வயதாகி, ஜொகூரில் மகள் வீட்டோடு போனபோது குதிரைக்கும் வயதாகியிருந்தது. வாங்க ஆளில்லை. அக்கா, “இங்கயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா? “தவமணி, வீட்டுல மாப்பிள்ளை என்ன சொல்றாரு?” என்று பாசாரில் கேட்பார்கள். அக்கா காய்கறியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வார். “சாப்பாட்டுல குறை சொல்றாரு. மாப்பிள்ளைன்னா அப்படித்தான லா.”

ஒரு வருடம் மாப்பிள்ளை வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. கொட்டகைத் தரை எந்நேரமும் ஈரம். முதுகுச் சதை கரைந்து வயிறு மட்டும் தொங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக அதன் முடி. நம் ஊர் வெயிலில் எந்தக் குதிரைக்கும் இல்லாத சுருட்டை முடி விரல் நீளத்துக்கு வளர்ந்துகொண்டே போனது, உதிரவே இல்லை. முடிக்கு அடியில் தோல் புண்ணாகி அங்கங்கே திட்டுத் திட்டாகத் தெரிந்தது. மிருக டாக்டர் வந்து இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்.

இங்கே நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். நான் எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர். சாக்கடை அடைத்தாலும் விளக்கு எரியாவிட்டாலும் மனு எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிற ஆள். குதிரையிலிருந்து நாற்றம் வருவதாக நான்கு வீட்டுக்காரர்கள் முறையிட்டார்கள். டாக்டர் இரண்டாம் முறை வந்து திரும்பும்போது அவர் வண்டியை மறித்து என்ன நோய் என்று கேட்டேன். அவர் சொன்னது குஷிங்ஸ். பக்கத்தில் துறைமுகத்து லோரி ஒன்று முக்கிக்கொண்டு போனது. என் தமிழ்க் காது பாதியைக் கேட்டு மீதியைத் தானே நிரப்பிக்கொண்டது. நேரே வீட்டுக்குப் போய், “குஷ்டம் பிடித்த குதிரையை உடனே அகற்றக் கோரி” என்று தலைப்புப் போட்டு மனு எழுதினேன். அன்று மாலைக்குள் இருபத்திரண்டு வீட்டுக் கையெழுத்து. பிள்ளைகளை அந்தத் தெருப்பக்கமே விடவில்லை. அக்காவிடம் தைக்கக் கொடுத்திருந்த துணிகளைத் திரும்பக் கேட்டார்கள்.

கூட்டம் பொது மண்டபத்தில் நடந்தது. அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து முழு மனுவையும் கேட்டார். பிறகு எழுந்து வந்து டாக்டரின் கடிதத்தை என் கையில் கொடுத்தார். “செக்ரட்ரி, நீங்களே வாசிங்க. சத்தமா.” நான் வாசித்தேன். தலைக்குள் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி வயதாகிக் கெட்டுப்போவதால் வரும் நோய் என்று அதில் எழுதியிருந்தது. யாருக்கும் ஒட்டாது. தினமும் மாத்திரை கொடுத்து, சீனிச்சத்தைக் குறைத்து, முடியை வெட்டிப் பராமரித்தால் வருடக்கணக்கில் இருக்கும்.

“கேட்டீங்களா?” என்றார் அக்கா. “வயசான நோய். எனக்கு இனிப்பு நீர் நோய் இருக்கு. இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு இருக்கு. எங்க எல்லாரையும் அகத்தச் சொல்லி ஒரு மனு எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்.” சிலர் சிரித்தார்கள். நான், தப்பு நடந்துவிட்டது, குஷ்டம் இல்லை என்று பதிவு செய்துகொள்கிறோம் என்று எதையோ முணுமுணுத்தேன். அக்கா என் பக்கம் திரும்பினார். “இல்ல செக்ரட்ரி. குஷ்டமாவே இருந்தா மட்டும்? என் அத்தைக்கு அந்த நோய் இருந்துச்சு. இப்படித்தான் நாலு பேரு பேசி, ஒரு லோரியில ஏத்தி அனுப்பிட்டாங்க. எங்கப்பா வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாரு. நான் பார்த்துக்கிட்டு நிக்க மாட்டேன்.” மனுவைக் கிழிக்கச் சொல்லிக்கூட அவர் கேட்கவில்லை. குதிரைக்கு மாத்திரை நேரம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மறுநாள் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் மாப்பிள்ளையின் முடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். முதலில் துணி வெட்டும் கத்தரியால்தான் வெட்டினார், பிறகு ஒரு முடிதிருத்தகத்திலிருந்து பழைய மெஷினை வாங்கிக்கொண்டார். உரச்சாக்கு நிறைய வெள்ளைச் சுருள்கள். என் மன்னிப்பைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. “அந்தக் காதைக் கொஞ்சம் பிடிங்க” என்றார். எனக்குக் குதிரை என்றால் பயம். பிடித்தேன். அன்றிலிருந்து எங்கள் சிநேகம்.

அவர் வேலை செய்கிற விதம் தையற்காரியின் விதம். குதிரை இளைத்தது, தேறியது என்று வாய்ப்பேச்சாகச் சொல்லவே விடமாட்டார். வெள்ளிக்கிழமை காலையில் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போவார். நெஞ்சு, வயிறு, கழுத்து என்று அளந்து, வாடிக்கையாளர்களின் ரவிக்கை அளவுகள் இருக்கும் அதே நோட்டில் எழுதுவார். வயிறு பெருத்தால் தீனியை மாற்றுவார். கழுத்து மேட்டில் கொழுப்புக் கூடினால் டாக்டரைக் கூப்பிடுவார். “கண்ணு பொய் சொல்லும், டேப்பு சொல்லாது” என்பார். அந்த நோட்டில் பிரிக்பீல்ட்ஸ் வக்கீல் அம்மா ஒருவருக்கும் ஒரு கல்யாணப் பெண்ணுக்கும் நடுவில் இருப்பது மாப்பிள்ளையின் பக்கம்தான்.

அந்த வக்கீல் அம்மாவுக்குத் தைத்த ரவிக்கைகளைக் கொடுக்க ஒருமுறை நானும் கூடப் போனேன். அன்று காலைதான் முடி வெட்டியிருந்தார். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போனார். பிரிக்பீல்ட்ஸில் அந்த அம்மா ரவிக்கையை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், “என்ன தவமணி, குதிரை வாசம் வருது” என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அக்கா அசையவில்லை. “ஆமாங்க, குதிரை வளர்க்கிறேன். கை நீளம் சரியா இருக்கான்னு பாருங்க” என்றார். சரியாகத்தான் இருந்தது. அந்த அம்மா கடைசிவரை வேறு யாரிடமும் தைக்கவில்லை.

வெறுப்பைச் சமாளித்தவர் நம்முடைய பாசத்தில்தான் திணறிப்போனார். கூட்டத்துக்குப் பிறகு எல்லாருக்கும் குற்ற உணர்ச்சி. மாட்டுப்பொங்கலன்று மாட்டுக்கு எங்கே போவது? குதிரை இருக்கிறதே என்று ஆளாளுக்குச் சர்க்கரைப் பொங்கலை வாழையிலையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அக்கா கோவிலுக்குப் போயிருந்தார். வேலி ஓரமாக நின்று மாப்பிள்ளை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. வெல்லக்கட்டி கொடுத்தவன் நான். சீனிச்சத்து ஆகாது என்று கடிதத்தில் இருந்ததைச் சத்தமாக வாசித்தவனும் நான்தான். பொங்கல் பிரசாதம், அதில் என்ன கெடுதல் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் மாப்பிள்ளையால் நடக்க முடியவில்லை. குளம்புகள் கொதித்தன. முன்னங்கால்களைத் தள்ளி வைத்து, பாரம் முழுவதையும் பின்னால் சாய்த்து, அசையாமல் நின்றது. வலியில் தொடையெல்லாம் நடுங்கியது. அக்கா மீன்கடையிலிருந்து ஐஸ் மூட்டைகளை வரவழைத்து, வாளிகளில் போட்டு, மாப்பிள்ளையின் கால்களை அதில் வைத்துப் பிடித்தார். இரண்டு நாள் நானும் பிடித்தேன். இதை முடித்துவைப்பதுதான் நல்லதோ என்று டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா அழவில்லை, டாக்டரோடு மல்லுக்கட்டவும் இல்லை. “வலியில வச்சு நான் பார்க்க மாட்டேன் டாக்டர். மருந்து கேக்கலைன்னா நீங்க ஊசி போடுங்க, நானே தலையப் பிடிச்சுக்கறேன். ஆனா மருந்து கேக்குதா இல்லையான்னு முதல்ல பார்ப்போம்” என்றார். மூன்றாம் நாள் மாப்பிள்ளை இரண்டு அடி நடந்தது. அப்போதுதான் என்னைப் பார்த்துச் சொன்னார்: “வெறுத்தீங்க, தாங்கிக்கிட்டான். பாசம் காட்டினீங்க, படுக்கப் பார்த்தான்.”

அன்றிலிருந்து காலையில் புல் ஊறவைப்பது என் வேலை. ஒரு மணி நேரம் ஊறினால் புல்லில் இருக்கும் சீனிச்சத்துத் தண்ணீரோடு போய்விடும். மாத்திரையை வெள்ளரித் துண்டைக் குடைந்து உள்ளே வைத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் துப்பிவிடுவான். ஆமாம், அவன்தான். எப்போது அது அவனானது என்று எனக்கு நினைவில்லை.

இருதயக் கோளாறு என்று அக்காவை மருத்துவமனையில் சேர்த்தபோது நான்கே நாளில் முடிந்துவிடும் என்று யாரும் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, “அளவு எடுத்தீங்களா?” என்றார். எடுத்தேன் என்று சொன்னேன். “நம்பர் சொல்லுங்க.” நான் டேப்பைத் தொட்டிருக்கவில்லை. “போய் எடுத்துட்டு வாங்க, நான் இருக்கேன்” என்றார். போய் அளந்து சொன்னேன். போன வாரத்தைவிட வயிறு அரை இஞ்ச் குறைந்திருந்தது. “நல்லது” என்றார். அதுதான் அவர் என்னிடம் சொன்ன கடைசிச் சொல்.

கருமாதி முடிந்த அன்று, ஜொகூரிலிருந்து வந்திருந்த அண்ணன் என்னைக் கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனார். கெட்ட மனிதரில்லை. நிலம் அவருடையது, லோரி நிறுத்த ஒருவர் கேட்கிறாராம். “வயசாயிடுச்சு, நோய் வேற. பார்த்துக்கிட்டவளே போயிட்டா. ஊசி போட்டு அனுப்பிடலாம், அதுவும் புண்ணியந்தான்” என்றார்.

“டாக்டர் சொன்னாரா அண்ணே?”

“டாக்டர் என்ன சொல்றது. பார்த்தாலே தெரியுது லா.”

“பார்த்தா ஒண்ணும் தெரியாது அண்ணே. பார்த்துட்டு, அரைகுறையாக் கேட்டு மனு எழுதினவன் நான்” என்றேன். டாக்டரை வரவழைத்தேன். அவர் குளம்பைத் தட்டினார், பல்லைப் பார்த்தார், அக்காவின் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சாப்பிடுகிறான், நடக்கிறான், வலியில்லை, அந்த நாள் வரும்போது நானே சொல்கிறேன் என்றார். அண்ணனுக்குக் கோபம் வந்தது. “அப்ப நீங்களே கொண்டுபோய் வச்சுக்குங்க. எங்க கட்டுவீங்க?”

எங்கள் வீட்டு வரிசைக் கடைசியில் எனக்கு ஒரு மரவள்ளித் தோட்டம் இருக்கிறது. மரவள்ளியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தகரக் கூரை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மாப்பிள்ளையை நடத்திக்கொண்டு போனேன். மேளம் இல்லை, மாலை இல்லை. புதிதாக முடி வெட்டிய ஒரு கிழட்டுக் குதிரையும் அதைவிடச் சற்றே வேகமாக நடக்கிற ஒரு செயலாளரும். இருபத்திரண்டு கையெழுத்துப் போட்ட வீடுகளின் வாசல் வழியாகத்தான் போக வேண்டும், போனோம். முனை வீட்டு அங்கிள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “செக்ரட்ரி, கமிட்டியில கேட்டீங்களா?”

“கேக்கலை” என்றேன்.

தவமணி அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ‘கேக்கலை’ என்ற அந்த ஒரு சொல்தான்; சரி என்று தெரிந்ததைச் செய்ய அவரும் யாரையும் கேட்டதில்லை. குதிரை யாருக்கும் சொத்தில்லை, அவன் நாள் வரும்போது போவான், நான் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் ஐம்பத்தெட்டு வயதுவரை நாலு பேர் சம்மதித்தால்தான் எதுவும் சரி என்று நம்பிக்கொண்டிருந்தவன், இப்போது சரி என்று தெரிந்தால் செய்துவிடுகிறேன். அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப் போவதாகக் கேள்விப்பட்டேன். பேசட்டும். ஆட்சேபணை இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. காலை ஆறரைக்குத் தோட்டத்துக்கு வாருங்கள். புல் ஊறிய தொட்டியைச் சாய்க்க இன்னொரு கை வேண்டியிருக்கிறது.