எஞ்சினுக்கு நல்ல தண்ணீர்

கண்டி ஏரிக்கரையில் துரைமார் கூடும் கிளப்புக்கு வெள்ளை வள்ளம் ஒன்று வந்தது. அதன் பின்னால் மாட்டுகிற எஞ்சினும் கூடவே வந்தது. ஏரியைச் சுற்றி நடந்தால் துரைசானிமாருக்குக் கால் நோகும். துடுப்புப் போட்டால் துரைமாருக்குக் கை நோகும். அதற்கெல்லாம் மருந்தாகத்தான் எஞ்சின்.

எஞ்சினுக்கு ஆள் தேடியபோது ஹபீல் அகப்பட்டான். திருகோணமலைத் துறையில் எஞ்சின் வள்ளங்களோடு வளர்ந்தவன். ஸுலைஹாவைக் கலியாணம் கட்டி, கண்டி டவுனின் கட்டுக்கலையில் அவள் வீட்டோடு வந்து தங்கியவன். தேயிலை விலை விழுந்து, தோட்டத்துச் சனமே வேலை தேடி டவுனில் அலைந்த காலம் அது. மாமனார் வீட்டுச் சோறு அவனுக்குத் தொண்டையில் சிக்கத் தொடங்கியிருந்தது.

கிளப் மனேஜர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்டார்.

"ஓட்டத் தெரிஞ்ச ஆக்கள் கனபேர் இருக்கினம். உமக்கு விசேஷமா என்ன தெரியும் காணும்?"

"ஓடி முடிஞ்ச ஒடன எஞ்சினக் கழட்டி, பீப்பாயில நல்ல தண்ணி நெரப்பி, அதுக்குள்ள எறக்கி ஓட உடுவன் சேர். உள்ளுக்கு ஈக்கிறதெல்லாம் கழுவுண்டு போகும். இல்லாட்டி எஞ்சின்ட வயிறு அரிச்சிப் போயிரும்."

பொய் சொல்லவில்லை. கடலில் அதுதான் முறை. உப்பைக் குடித்த எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் காட்டாமல் தூங்கப் போகிறவனைத் துறைமுகத்தில் யாரும் மனிதனாக மதிக்கமாட்டார்கள். ராஜரத்தினத்துக்கும் அந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று. எஞ்சினுக்கு வயிறு இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தார்.

சில வாரம் போனது. ஒரு மாலை வள்ளத்தை இழுத்துக் கட்டும்போது ஏரித் தண்ணீர் ஹபீலின் வாயில் தெறித்தது. துப்பப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். உப்பு எங்கே? நல்ல தண்ணீரில் ஓடிய எஞ்சினை இத்தனை நாளும் நல்ல தண்ணீராலேயே கழுவிக்கொண்டிருந்திருக்கிறான்! மலைக்கு நடுவில் கடல் கிடையாது என்பது அவன் புத்திக்குத் தெரியும். கைக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்குத்தான் ராஜரத்தினம் நாலைந்து துரைமாரைக் கூட்டிவந்து பீப்பாயைச் சுற்றி நிறுத்தியிருந்தார். இலங்கையில் வேறெந்தக் கிளப்பிலும் இப்படியொரு பராமரிப்பு இல்லையென்று இங்கிலீஷில் விளாசினார். துரைமார் சுருட்டை வாயிலிருந்து எடுத்துத் தலையாட்டினார்கள். போதாததற்கு, தோட்டத்துச் சின்னத்துரை ஒருவன் இனி வள்ளத்தைத் தானே ஓட்டுவதாகச் சொல்லிவிட்டான். ஹபீலுக்கு மிஞ்சியது கழுவுகிற வேலை மட்டும். அதுவும் வேண்டாத வேலையென்றால், அவனும் வேண்டாத ஆள். வாயைத் துடைத்துக்கொண்டு, கிளப் குழாயைத் திறந்து பீப்பாயை நிரப்பினான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் மழை ஏமாற்றியது. தெருக் குழாய்களில் முதலில் தண்ணீர் மெலிந்தது. பிறகு காற்று வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. ஏரியில் குடம் முக்கினால் பொலிஸ் பிடித்தது. துரைமாரின் குழாயில் மட்டும் தண்ணீருக்கு ஒரு குறையுமில்லை. எஞ்சின் தினமும் குளித்தது.

"இஞ்ச பாருங்க, ஒரு குடம் கொண்டு வந்தா என்ன?" என்றாள் ஸுலைஹா. "உம்மா தொழ ஒளு எடுக்கவும் தண்ணி இல்லாம ஈக்கிறாங்க."

"கேட்ல காவல் ஈக்கி புள்ள. வெளிய கொண்டுவர ஏலா."

"எஞ்சின் தொழப் போகுதோ?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

இரண்டொரு நாளில் கட்டுக்கலைப் பெண்கள் குடங்களோடு கிளப் வாசலுக்கே வந்துவிட்டார்கள். முன்னால் பக்கத்து வீட்டு ருக்கியா. குழாயைப் பூட்டலாம், அவளுடைய தொண்டையைப் பூட்டுகிற அதிகாரி கண்டியில் இல்லை. அவளுக்குப் பின்னால், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஸுலைஹா.

"புள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. இங்க இரும்புக்குக் குளிப்பாட்டோ?" என்று ருக்கியா கத்தினாள்.

சத்தம் கேட்டுத் துரைமார் வராந்தாவில் கூடினார்கள். ராஜரத்தினத்துக்கு வியர்த்தது. "ஹபீல், இஞ்ச வாரும். எஞ்சினுக்கு ஏன் தண்ணி வேணுமெண்டு இவையளுக்கு விளங்கப்படுத்தும்."

வயிறு, அரிப்பு, கழுவல் எல்லாம் அவனுக்குப் பாடம். வாயைத் திறந்தான். ஸுலைஹாவின் இடுப்பில் வெறுங்குடம் தெரிந்தது.

"தேவையில்ல சேர்," என்றான். "அது கடலுக்குத்தான். இந்த ஏரி நல்ல தண்ணி. கழுவாட்டி ஒண்டும் ஆகாது."

வராந்தாவிலிருந்து ஒரு துரை, ஆள் என்ன சொல்கிறான் என்று கேட்டார். ராஜரத்தினம் துரைமாரைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார், தான் விளாசிய இங்கிலீஷை எண்ணிப் பார்த்தார். பிறகு, ஆள் சோம்பேறியாகிவிட்டான், வேலை செய்ய விருப்பமில்லையாம் என்று மொழிபெயர்த்தார். ஹபீல் பக்கம் திரும்பினார்.

"நீர் போம். நாளைக்கு வரத் தேவையில்லை. மூக்கையா!"

பூங்கன்றுகளுக்கு நடுவிலிருந்து கிளப் தோட்டக்காரன் மூக்கையா ஓடிவந்தான். மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டப்பட்டு, வேலை போய் வந்தவன். வெயிலில் பூங்கன்றெல்லாம் கருகிப்போனதில் இன்றோ நாளையோ கிளப்பிலும் பேர் வெட்டப்படக் காத்திருந்தவன்.

"இனி எஞ்சின் கழுவுறது நீதான்."

"சரிங்க ஐயா."

கேட் மூடியது. ஹபீல் பெண்களுக்கு நடுவில் வந்து நின்றான். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அப்ப ஒங்களுக்கு முந்தியே தெரியும், ஹபீல் நானா," என்றாள் ருக்கியா. இப்போது அவள் கத்தவில்லை. "எங்கட புள்ளைகள்ட வாய்த் தண்ணிய, தேவையில்லண்டு தெரிஞ்சிக்கிட்டே ஊத்தி ஈக்கிறீங்க."

ஸுலைஹா குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். அவன் எல்லோருக்கும் பின்னால் நடந்தான். கேட்டுக்குள்ளே எஞ்சின் பீப்பாயில் உறுமத் தொடங்கியது. அதற்கு மேலால் மூக்கையாவின் குரல் கேட்டது.

"ஐயா, ஒரு பீப்பா பத்தாதுங்க போல. இன்னொண்ணும் நெரப்பட்டுங்களா?"