உமாராணி இறங்கிப் பார்த்த ஸ்டேஷன்கள்

ஆலந்தூரில் மகன் அஸ்வினின் வீடு ஒன்பதாவது மாடியில் இருந்தது. அந்த வீட்டில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை, உமாராணிக்கு அதுதான் பெரிய தொல்லை. மகன் தங்கமான பிள்ளை, மருமகள் சத்யப்பிரியா அதற்கும் ஒரு படி மேல். அத்தைக்கென்று தனி அறை, தனி டிவி, கால் வலிக்குத் தைலம் எல்லாம் தயாராக இருந்தன. காலை எட்டரைக்கு இருவரும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் இரவு ஏழு மணி வரை பேச ஒரு ஜீவன் கிடையாது. எதிர் வீட்டு வாசலில் செருப்பு கிடக்கும், ஆளைப் பார்க்க முடியாது.

அவள் சென்னைக்கு வந்தது சும்மா இல்லை. நெய்வேலி சுரங்கத்தில் ராட்சத மண்வெட்டும் இயந்திரத்தை ஓட்டும் அவள் கணவர் வேலுமணிக்கு ஏப்ரல் கடைசியில் பணி ஓய்வு. அதன்பிறகு சில மாதங்களில் பத்தொன்பதாவது பிளாக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். சங்ககிரிப் பக்கம் சொந்த ஊரில் இருந்த வீடு பங்கு பிரிந்து யார் யாருக்கோ போயாயிற்று. சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே மந்தாரக்குப்பத்தில் வீடு பார்க்கலாம் என்றால் வேலுமணி ஒரே பிடியாக மறுத்துவிட்டார். மைன்ஸை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் ரிட்டயர் ஆன மாதிரியே இருக்காதாம். பையனோடு போய் ஒரு மாதம் இருந்து பார், பிடித்தால் அங்கேயே நாமும் இருந்துவிடலாம், பிடிக்காவிட்டால் வேறு இடத்தை நீயே சொல் என்று அனுப்பி வைத்திருந்தார். ஒரு மாதத்துக்குள் அவள் வேறு இடம் சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஒன்பதாவது மாடிதான்.

முதல் வாரம் ஜன்னலில் நின்று மெட்ரோ ரயில் போவதையும் வருவதையும் எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம் சத்யப்பிரியா ஒரு மெட்ரோ கார்டைக் கையில் கொடுத்து, எங்கே வைத்தால் கதவு திறக்கும் என்று காட்டினாள். அவ்வளவுதான், பிடித்தது சனி. மறுநாளிலிருந்து உமாராணி ஷிப்டுக்குப் போகிறவள் மாதிரி ஒன்பது மணிக்குக் கிளம்பி, தினம் ஒரு ஸ்டேஷனில் இறங்கினாள். சுற்றுலாக்காரர்கள் போகிற பக்கமெல்லாம் அவள் போகவில்லை. தேடியது குடியிருக்க இடம், அதனால் சந்து சந்தாகத்தான் நுழைந்தாள்.

இடத்தைச் சோதிக்க அவளிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. கல்யாணமான புதிதில் நெய்வேலிக்கு வந்தபோது, குவார்ட்டர்ஸில் இந்தப் பக்கம் நாகர்கோவில்காரர்கள், அந்தப் பக்கம் தர்மபுரிக்காரர்கள். யாருக்கும் யாரும் உறவில்லை. வேலிக்கு மேல் கை நீட்டி ஓர் இணுக்கு கறிவேப்பிலை கேட்பதுதான் அங்கே பேச்சைத் தொடங்கும் முறை. கொடுத்தவர்கள் பிரசவத்துக்கும் வருவார்கள். அதையே சென்னையிலும் செய்தாள். மனதுக்கு நல்லதாகத் தெரிகிற ஒரு வாசலைப் பார்த்து நின்று, “கறிவேப்பிலை இருக்குங்களா?” என்று கேட்பாள்.

அசோக் நகரில் காவலாளி எந்த ஃப்ளாட் என்று கேட்டு, உள்ளேயே விடவில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பெண் கதவைப் பாதி திறந்து, போனில் ஆர்டர் போட்டால் பத்து நிமிஷத்தில் வந்துவிடும் ஆன்ட்டி என்று அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தாள். அரும்பாக்கத்தில் ஒரு பெரியவர் தாராளமாகக் கொடுத்தார், ஆனால் கூடவே தன் மூலநோயைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். காலடிப்பேட்டை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. தெருவே கூடி வழி சொன்னது. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒரு செடி நட மண் இல்லை. வேலுமணி அங்கே என்ன செய்வார்? வாழ்நாள் முழுக்க மண்ணை அள்ளிய மனுஷன்.

முதல் ஷிப்டு முடிந்து அவர் வீட்டுக்கு வந்ததும் போன் வரும். “இன்னிக்கு எந்த பிளாக்கும்மா?” என்று கிண்டலாகத்தான் தொடங்குவார். பிறகு தண்ணீர் எப்படி, கொசு எப்படி என்று ஒன்றுவிடாமல் கேட்பார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் இவ்வளவு பேசியதே இல்லை. அதற்காகவே இன்னும் நாலு ஸ்டேஷன் கட்டியிருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றாவது வாரம் தண்டையார்பேட்டையில் இறங்கினாள். மார்க்கெட்டைத் தாண்டி ஒரு மதில் சுவர், அதில் பாதியை மறைத்து ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ். கேட்டு திறந்தே கிடந்தது. உள்ளே மஞ்சள் அடித்த ஒரே மாதிரி வீடுகள், நெற்றியில் கறுப்பு எண்கள், முருங்கை மரத்தில் சாய்த்த சைக்கிள்கள். அவள் கால்கள் தாமாகவே உள்ளே போயின. இருபத்திரண்டாம் எண் வாசலில் வடகம் உலர்த்திக்கொண்டிருந்த தேவயானி, இணுக்கு கேட்டவளுக்கு ஒரு கிளையையே ஒடித்துக் கொடுத்தாள். கொடுத்த கையோடு என்ன குழம்பு என்று கேட்டாள்.

அன்று கிளம்பவே இரண்டு மணி ஆகிவிட்டது. மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். தேவயானிக்குக் கோவில்பட்டிப் பக்கம். கணவர் அறிவழகன் அரசுத் துறை ஒன்றில் மெக்கானிக். இருவரும் பேசாத பேச்சில்லை. ஒன்றை மட்டும் உமாராணி கேட்கவில்லை, அந்த வீடுகள் யாருடையவை என்று. கேட்கத் தோன்றினால்தானே? நெய்வேலியில் எந்த பிளாக், எந்த டைப் என்று கேட்பார்களே தவிர, வீடு யாருடையது என்று யார் கேட்டார்கள்? அவள் கண்ணுக்கு வீடு என்றால் அப்படித்தான் இருக்கும்.

இடம் கிடைத்துவிட்டது, கிளம்பி வாங்க என்று போன் செய்தாள். சனிக்கிழமை வேலுமணி வந்தார். கார்டு வைப்பதிலிருந்து கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை அவளே முன்னால் நின்று சொல்லிக்கொடுத்து அழைத்துப் போனாள். கேட்டுக்குள் நுழைந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நம்ம டைப் டூ வீடு மாதிரியே இருக்கே என்று நாலு தடவை சொன்னார்.

வாசலில் உட்கார்ந்து காபி குடித்து முடித்ததும், இங்கே எப்போது ஒரு வீடு காலியாகும் என்று உமாராணி கேட்டாள். தேவயானி விளையாட்டு என்று நினைத்து முதலில் சிரித்தாள். பிறகு இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.

“அக்கா, இது கவர்மென்ட் குவார்ட்டர்ஸ். அவருக்கு ஜூன்ல ரிட்டயர்மென்ட். நாங்களே காலி பண்ணணும்.”

வேலுமணி தலையை நிமிர்த்திச் சுவரிலிருந்த எண்ணைப் பார்த்தார். நாலு தடவை டைப் டூ என்று சொன்ன அவர் மட்டும் என்ன கண்டுபிடித்தார்? உமாராணிக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இத்தனை பெரிய பட்டணத்தில் தேடித் தேடிக் கடைசியில் இன்னொரு காலி செய்கிற வீட்டு வாசலிலா வந்து நிற்கவேண்டும்? ஒன்பதாவது மாடிதான் தலையெழுத்து என்று அந்த நிமிஷம் முடிவே செய்துவிட்டாள்.

தேவயானி டம்ளர்களை எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து எங்கே போவது என்று அவர்கள் வீட்டிலும் நாலு மாதமாகப் பேச்சுத்தான். இருபத்தாறு வருஷமாகச் சென்னையில் இருந்தும் அவள் மெட்ரோவில் ஏறியதே இல்லை, இந்தக் காம்பவுண்டைத் தாண்டினால் ஊரே தெரியாது என்றாள். இத்தனை இடம் பார்த்தீர்களே, எதுதான் பிடித்தது என்று கேட்டாள்.

“இடமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆளுதான் கெடைக்கல,” என்றாள் உமாராணி.

தேவயானி முந்தானையைத் திருகியபடியே கேட்டாள். “அப்ப இடம் எதுவா இருந்தா என்னக்கா? பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வீடா பாப்பமா?”

உமாராணிக்குப் பக்கத்து வீட்டில் யார் என்பதை முப்பத்தோரு வருஷமாகக் கம்பெனிதான் எழுதிக் கொடுத்தது. நாகர்கோவில்காரியும் சரி, தர்மபுரிக்காரியும் சரி, எழுதி வைத்தபடி வந்து வாய்த்தவர்கள். நீ எனக்குப் பக்கத்தில் இரு என்று வாய்விட்டுக் கேட்டவள் இவள் ஒருத்திதான்.

“திங்கக்கெழம பத்து மணிக்கு இங்க ஸ்டேஷன் வாசல்ல நில்லு தேவி,” என்றாள். “காலடிப்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் நான் இன்னும் எறங்கிப் பாக்கல.”