கியோஸ்ஃபொசன் அருவியில் ஒருவர் குறைவு

1

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தபோதுதான் நடராஜன் ஐயா எங்கள் பெட்டிக்கு வந்தார். ஈரமான குரங்குக் குல்லாவைக் கையில் பிடித்திருந்தார்.

"ஏனுங்க மேடம், சரோஜா இங்கதான உக்காந்திருக்கா?"

நான் திரும்பி வரிசைகளைப் பார்த்தேன். பச்சை ஸ்வெட்டர் போட்ட சரோஜா அம்மாவைக் காணவில்லை. அவர் இருந்த யன்னலோர இருக்கையில் அவருடைய தண்ணீர்ப் போத்தல் மட்டும் கிடந்தது.

"உங்களோட இல்லையோ ஐயா?"

"என்கூட ஏதுங்க? பொம்பளைங்க எல்லாம் ஒரே பெட்டியில இருக்கட்டும்னு நீங்கதான காலையில பிரிச்சு விட்டீங்க?"

உண்மைதான். அப்படிப் பிரித்தது நான்.

அப்போது நான் ஒஸ்லோவில், இந்தியாவிலிருந்து வரும் சுற்றுலாக் குழுக்களுக்குத் திட்டம் போடும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. குளிர்காலம் முழுவதும் மேசையில் இருந்து ரயில், படகு, பஸ் நேரங்களை ஒன்றோடொன்று பொருத்துவேன். கோடையில் தமிழ்க் குழு வந்தால் வழிகாட்டியாக நானே கூடப் போவேன். அதற்கு முன் வட நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் பெட்டி எண்ணும் வேலை. எண்ணிக்கையில் பிழை விடமாட்டேன் என்று எனக்கொரு கர்வம் இருந்தது.

அன்றைய குழு கோயம்புத்தூரிலிருந்து வந்த இருபத்து நான்கு பேர். காலையில் ஒஸ்லோவிலிருந்து மீர்டாலுக்கு ரயில். அங்கிருந்து ஃப்லோமுக்கு மலையிறங்கும் கிளைப்பாதை. ஃப்லோமில் படகேறி, மலைகளுக்கிடையே நீளும் பியோர்ட் என்ற கடல்நீரிணை வழியாகக் குட்வாங்கன், பிறகு பஸ்ஸில் வொஸ், மாலை ரயிலில் மீண்டும் ஒஸ்லோ. எல்லாம் ஒரே நாளில். ஒன்றைத் தவறவிட்டால் அதற்குப் பிறகு வருவது எல்லாம் கையைவிட்டுப் போகும். மறுநாள் காலை அவர்களுக்கு விமானம்.

மலையிறங்கும் பாதையில் கியோஸ்ஃபொசன் என்ற அருவிக்கு முன்னால் ரயில் ஐந்து நிமிடம் நிற்கும். இறங்கிப் படம் எடுக்கலாம். பாறை மேல் சிவப்பு உடுப்போடு ஒரு பெண் தோன்றி ஆடுவாள். மனிதரை மயக்கிக் காட்டுக்குள் இழுக்கும் மோகினியின் வேஷம் அது. ஆட்டம் முடிந்ததும் விசில் அடிக்கும், எல்லாரும் ஏறவேண்டும்.

குழு இரண்டு பெட்டிகளில் இருந்தது. சென்னையிலிருந்து கூட வந்த டூர் மேனேஜர் பிரகாஷுக்கு அதுதான் முதல் நோர்வே பயணம். அன்று விசில் அடித்ததும் அவர் தன் பெட்டியில் பன்னிரண்டு எண்ணிவிட்டுக் கையைக் காட்டினார். நானும் கதவடியில் நின்று, ஈரச் சால்வைகளோடு உட்கார்ந்திருந்த தலைகளைப் பின்னாலிருந்து பன்னிரண்டு எண்ணினேன். கொண்டக்டருக்குச் சரி என்று தலையாட்டினேன்.

இப்போது முன்னால் போய் முகங்களைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் மரூன் ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா. சேலை கட்டியிருந்தார். என்னைப் பார்த்து ஹிந்தியில் ஏதோ கேட்டார். வேறொரு குழுவைச் சேர்ந்தவர், மழை போலத் தெறித்த தண்ணீருக்குப் பயந்து கிட்ட இருந்த கதவால் ஏறிவிட்டார்.

பன்னிரண்டு என்ற என் எண்ணிக்கை பிழையில்லை. அதில் ஒருவர் எங்கள் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

2

கொண்டக்டர் ஐம்பது வயதுக்காரர். நான் சொல்லி முடிக்க முன்பே ரேடியோவை எடுத்துவிட்டார். பேசிவிட்டு என்னிடம் திரும்பி நோர்வேஜிய மொழியில் சொன்னார்.

"அங்கை ரோட்டே இல்லை. ரயிலை விட்டா அவவுக்கு வேற வழியில்லை. எங்கையும் போகமாட்டா."

"தண்ணிக்குக் கிட்டப் போனா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த ஸ்டேசன் பேரெக்வாமில மேல போற ரயில் எங்களைக் கடக்கும். அதில ஏத்திவிடுறன். அதுவும் அருவியில அஞ்சு நிமிசம் நிக்கும். கதவு திறந்த உடன பாயவேணும்."

நான் கணக்குப் போட்டேன். மேலே போய் அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பி ஃப்லோமுக்கு வந்தால் படகு போயிருக்கும். ஆனால் மீர்டாலிலிருந்து வொஸ்ஸுக்கு நேரடி ரயில் இருக்கிறது. குழு படகிலும் பஸ்ஸிலும் வரட்டும், நாங்கள் ரயிலில் போய் வொஸ்ஸில் சேர்ந்துகொள்ளலாம். அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

என் திட்டத் தாளைப் பிரகாஷின் கையில் கொடுத்தேன்.

"மேடம், எனக்கு இந்த ஊரே தெரியாதே. போட் எங்க, பஸ் எங்கன்னு..."

"எல்லாம் அதில எழுதியிருக்கு. இறங்கின உடன இடப்பக்கம் படகுத்துறை. ஆக்களை விட்டுப்போட்டு ஒரு இடமும் போகாதேங்கோ."

நடராஜன் ஐயா என் முன்னால் வந்து வழியை மறித்தார். "நானும் வர்றனுங்க."

அவருடைய முழங்காலில் பட்டி கட்டியிருந்தது. இரண்டு ரயிலுக்கும் இடையில் குதித்து ஓட அவரால் முடியாது. "ஐயா, நீங்கள் விழுந்தால் நான் ரெண்டு பேரைப் பாக்கவேணும். நான் கூட்டிக்கொண்டு வாறன்."

"அவளுக்கு ஒரு காது சரியாக் கேக்காதுங்க. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஹெட்போன் மாட்டி வேலை பார்த்தவ. விசில் கேட்டிருக்காது." அவர் கையிலிருந்த குல்லாவை முறுக்கினார். "அதை உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

சொல்லியிருக்கவேண்டியது அவரல்ல, கேட்டிருக்கவேண்டியது நான்தான். அதைச் சொல்ல அப்போது நேரமிருக்கவில்லை. பேரெக்வாம் வந்துவிட்டது.

3

மேலே போகும் ரயிலில் இருபது நிமிடம் நான் கதவடியிலேயே நின்றேன். உள்ளே ஜப்பானியர்கள் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜூன் மாதம், பனி உருகி அருவி முழு வேகத்தில் விழும் காலம். மரப்பலகை மேடை எப்போதும் ஈரமாக இருக்கும். கம்பித் தடுப்பு என் இடுப்பளவுதான். அறுபது வயதுப் பெண், சேலை, காலில் செருப்பு. வேறு எதுவும் என் மனதில் ஓடவில்லை.

கதவு திறந்தது. பாய்ந்தேன். மேடை வெறுமையாக இருந்தது.

இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடினேன். "சரோஜா அம்மா! சரோஜா அம்மா!" என் குரல் எனக்கே கேட்கவில்லை. தடுப்புக்கு மேலால் எட்டிக் கீழே பார்த்தேன். வெள்ளை நுரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பின்னால் பயணிகள் இறங்கிப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இசை தொடங்கியது. பாறை மேல் சிவப்பு உடுப்புப் பெண் எழுந்து ஆட ஆரம்பித்தாள்.

நான் அவளைப் பார்த்து இரண்டு கையையும் அசைத்தேன். நெற்றியில் பொட்டைத் தொட்டுக் காட்டினேன். சேலைத் தலைப்புப் போலத் தோளில் கையை ஓட்டிக் காட்டினேன். மற்றவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

அவள் ஆடிக்கொண்டே சுழன்றாள். சுழன்று நின்று வலக்கையை நீட்டினாள். அருவிக்குப் பக்கத்தில் இருந்த பழைய மின்நிலையக் கட்டடத்தை நோக்கி நீட்டிய கையை அவள் இறக்கவே இல்லை. இசை போய்க்கொண்டிருந்தது, அவள் அப்படியே நின்றாள்.

ஓடிப் போய்க் கதவைத் தள்ளினேன். சிறிய அறை. சரோஜா அம்மா ஆட்டக்காரப் பெண்ணின் தடித்த ஜக்கெட்டைப் போர்த்துக்கொண்டு ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் தோல் உரிந்து, துண்டால் சுற்றிக் கட்டியிருந்தது. கையில் கோப்பிக் கோப்பை.

என்னைக் கண்டதும் எழுந்தார். "வண்டி போயிடுச்சுங்க. பின்னாலயே ஓடினேன், வழுக்கி விழுந்துட்டேன். அந்தப் புள்ளதான் தூக்கிவிட்டுச்சு. இங்கயே இரு, யாராவது வருவாங்கன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டுப் போச்சு."

"கெதியா வாங்கோ அம்மா, ரயில் நிக்குது."

"கெதியான்னா?"

"வேகமா!"

விசில் அடித்தது. அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி ஏறினேன்.

4

மீர்டால் நிலையத்தில் ஃப்லோமுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லச் சொன்னேன். ஐயாவுக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே வொஸ் ரயிலில் ஏறினோம். பிரகாஷின் கைத்தொலைபேசிக்குப் பியோர்ட்டுக்குள் சிக்னல் இல்லை.

சரோஜா அம்மா யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த போட் இப்ப எங்க போயிட்டிருக்கும்?"

"அந்த மலையளுக்கு அங்காலை."

"அதுக்குத்தானுங்க நான் வந்ததே. முன்னாடி ஸ்விஸ் போனதெல்லாம் அவருக்காக. இது எனக்காக."

இனியும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. எண்ணிய விதத்தைச் சொன்னேன். மரூன் ஸ்வெட்டர் அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அவர் குனிந்து தன் ஸ்வெட்டரைப் பார்த்தார்.

"என்னுது பச்சைங்க," என்றார்.

திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வொஸ்ஸில் பஸ் வந்து நின்றதும் முதலில் இறங்கியவர் நடராஜன் ஐயா. ஃப்லோமில் ஒலிபெருக்கியில் அவருடைய பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நோர்வே உச்சரிப்பில் அது அவர் காதில் பெயராகவே விழவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றும் தெரியாமல் படகில் இருந்திருக்கிறார். மனைவியிடம் வந்து, கட்டுப்போட்ட கையைப் பிடித்துப் பார்த்தார்.

"மத்தியான மாத்திரை போட்டியா?"

"பை உங்ககிட்டதான இருக்கு."

அவர் பையைத் திறந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "போட்ல எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. நான் எதையும் பார்க்கலீங்க."

5

ஒஸ்லோ ரயிலில் பிரகாஷ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மேடம், பாசஞ்சர் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஃபாலோ பண்ணலன்னு ரிப்போர்ட்ல எழுதிடலாம். ரெண்டு பேருக்குமே சேஃப்."

பொய்யென்று முழுவதும் சொல்லமுடியாது. ஐந்து நிமிடம் என்று நான் சொன்னேன்தான். ஆனால் 'என்னுது பச்சைங்க' என்று சரோஜா அம்மா சொன்னது காதில் இருந்தது. மறுநாள் காலை அலுவலகத்தில் நடந்தது முழுவதையும் நோர்வேஜிய மொழியில் எழுதி, முகாமையாளர் இங்கரின் மேசையில் வைத்தேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன்.

இங்கர் இரண்டு தரம் வாசித்தார்.

"அந்த அம்மாவுக்கு நான் கடிதம் எழுதுறன். பியோர்ட்டை எங்களால திருப்பிக் குடுக்கேலாது, அதையும் எழுதுறன்." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு அடுத்த நாள் உமக்கு இன்னொரு குழு. அவையளை எப்பிடி எண்ணப்போறீர்?"

"பேர் கூப்பிட்டு. முகத்தைப் பாத்து."

"அஞ்சு நிமிசத்தில ஏலுமோ?"

"ஏலாது. அவையளுக்கு மூண்டு நிமிசம். மற்ற ரெண்டும் எனக்கு."

அவர் என் திட்டத் தாளை இழுத்து, ஐந்து என்று இருந்த இடத்தை வெட்டி மூன்று என்று தானே எழுதினார்.

இன்று இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நேரசூசியில் இருக்கும் நிமிடங்கள் எல்லாவற்றையும் பயணிகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். காது, கண், முழங்கால், மாத்திரை, எல்லாவற்றையும் முதல் நாளே கேட்டு எழுதுங்கள். பின்னாலிருந்து யாரையும் எண்ணாதீர்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் மூன்று நிமிடத்தில் திரும்பி ஏறியதும் என்மேல் பாய்வார். "இவ்வளவு தூரம் வந்து மூணு நிமிஷம்தானா மேடம்? மத்தவங்க எல்லாம் இன்னும் வெளிய நிக்கிறாங்களே! ஸ்கூல் புள்ளைங்க மாதிரி பேர் வேற கூப்பிடுறீங்க." நான் மறுத்துப் பேசுவதில்லை, அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்வேன். ரயிலுக்குள் இருந்துகொண்டுதானே கோபிக்கிறார்கள்.